சிவப்புத் துணிக் கன்றுகள்

மார்ச் கடைசியில் மண் இளகத் தொடங்கிவிட்டால் நாற்றுப் பண்ணையில் யாருக்கும் முதுகு நிமிர நேரமிருக்காது. இலையுதிர் பைன் கன்றைத் தூக்கத்தில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும். தூக்கம் கலையும் முன்பே மலையில் கொண்டுபோய் நட்டுவிடவும் வேண்டும். மொட்டு கண் விழித்துவிட்டால் அப்புறம் அது நட்ட இடத்தில் நிற்காது. பார்வைக்கு வெறும் குச்சிதான். ஒரு முழ உயரம், இலை கிடையாது. ஆனால் அந்தக் குச்சி இரண்டு வருஷமாக என்ன பாடு படுத்தியது என்பது வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும். முளைத்த மாதம் வெயில் ஆகாது, நாணல் தட்டி கட்ட வேண்டும். விடாமல் மழை பெய்தால் அடித்தண்டு அழுகிச் சாயும், அதே தட்டியை அவிழ்க்க வேண்டும். பனிக்காலத்தில் மண் உறைந்து உப்பிக் கன்றை வெளியே தள்ளிவிடும், ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தித் திரும்ப உட்காரவைக்க வேண்டும். அதற்குக் கையுறை போட்டால் நடக்காது. அந்தப் பண்ணையில் வேலை செய்த பெண்களின் விரல் நுனிகள் வெடித்து, வெடித்த இடத்தில் மண் ஏறி, கோடைகாலம் வரை கறுப்புக் கோடாகவே நிற்கும்.

சுன்பொக் அந்தப் பண்ணைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அவளும் அவள் புருஷன் மான்சிக்கும் மேலே பக்தல்கோல் சரிவில் காட்டை எரித்து, சாம்பலில் உருளைக்கிழங்கும் கம்பும் விதைத்துத் தின்றவர்கள். எரிகாட்டு விவசாயம் இனிக் கூடாது என்று சர்க்கார் எல்லோரையும் கீழே இறக்கியது. இறக்கினவர்களுக்கு வாயில் போட ஏதாவது வேண்டுமே, அதற்காக ஓடைக்கரையில் இந்த நாற்றுப் பண்ணை. எந்த மலையை எரித்தார்களோ அந்த மலையை மூடுவதற்கு அவர்களே கன்று வளர்க்க வேண்டும். கீழே பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர்கள் அவளை மேட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே இருந்தபோது அவள் கொன்னிம் அம்மா. நான்கு வயதில் அம்மை கண்டு மகள் கொன்னிம் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நாக்கு வரவில்லை. கீழே வந்தவுடன் மேட்டுக்காரி என்று ஒரு பேர் கிடைத்ததில் எல்லோருக்கும் நிம்மதிதான்.

அன்றைக்குக் காற்று ஓடையிலிருந்து சில்லென்று ஏறிக்கொண்டிருந்தது. ஆண்கள் கவைக்கோலால் மண்ணைக் கிளப்பிக்கொண்டே முன்னால் போனார்கள். பெண்கள் குந்தியபடி பின்னால் நகர்ந்து, கன்றை உருவி, மண் உதறி, இருபது இருபதாக வைக்கோல் புரியால் கட்டினார்கள். கட்டிய கட்டைக் குழம்புச் சேற்றில் முக்கியெடுத்து, நிழல் பள்ளத்துக்குக் கொண்டுபோய், அங்கே கட்டைத் தளர்த்திப் பரப்பி, வேர் மறையும்படி ஈரமண் மூட வேண்டும்.

"வேர் வானத்தப் பாக்கக் கூடாது! வேர் வானத்தப் பாக்கக் கூடாது!" என்று ஹோங் மேஸ்திரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார்.

"மேஸ்திரி அண்ணே," என்றாள் போங்சன்காரி. அவள் ஒரு விதவை, வாய்க்குப் பூட்டில்லாதவள். "காலைலேர்ந்து வேருக்கே ஒப்பாரி வைக்கிறீங்க. எங்க மூஞ்சி வானத்தப் பாத்துப் பாத்துக் கருவாடாப் போச்சே, அதுக்கு ஒரு ஈரச்சாக்கு போடச் சொல்லக் கூடாதா?"

"ஒன் மூஞ்சியச் சாக்கு போட்டு மூடினா ஊருக்கே புண்ணியம்."

"மூடிக்கிறேன். அப்புறம் ராத்திரி கனவுல எந்த மூஞ்சியப் பாப்பீங்க?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் நாலைந்து கட்டுகள் கை தவறி விழுந்தன. மேஸ்திரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மடியிலிருந்து துணிக் கிழிசல்களை எடுத்துப் பகிர்ந்தார். எந்தக் கட்டு எந்தச் சரிவுக்கு என்று கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு கட்டிலும் ஒரு துணி முடிய வேண்டும்.

"வெள்ள, ஓடைக்கு அந்தாண்ட. நீலம், கோயில் மேடு. சிவப்பு, பக்தல்கோல். கேட்டுச்சா? ஏப்ரல் அஞ்சாந்தேதி மரம் நடுற நாள். அதிகாரிங்க வருவாங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரும். மொத நாள் நடவே பக்தல்கோல்தான்."

சுன்பொக்கின் கை நின்றது.

"என்னடி, ஒன் பழைய சமஸ்தானமா?" என்றாள் போங்சன்காரி.

"அதான் அக்கா."

"போகட்டும் விடு. நீ வெதச்ச கம்பு ஒனக்குக் கெடைக்கல, நீ வளத்த மரமாவது அங்க நிக்கட்டும்."

சுன்பொக் அடுத்த கட்டில் சிவப்புத் துணியை முடிந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மண்வெட்டியோடு வரிசையாக நின்று ஆறடிக்கு ஒரு குழி தோண்டுவதும், கல் தட்டுப்பட்டால் சிரித்துக்கொண்டே புரட்டிச் சரிவில் உருட்டிவிடுவதும் அவள் கண்ணுக்குள் ஓடியது.

அந்த மலைகளில் சின்னப் பிள்ளை செத்தால் பாடை கிடையாது, புதைமேடு கிடையாது, வருஷத்துக்கு ஒரு நாள் சோறு படைப்பது கிடையாது. தகப்பன் விடியும் முன்னால் பாயில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போவான். எங்கேயோ வைத்துக் கல்லை அடுக்கிவிட்டு வந்து கை கழுவுவான். எங்கே என்று தாய்க்குச் சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளை தாயின் பாவாடையை விடாது என்பார்கள், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். சுன்பொக்கும் கேட்கவில்லை. மூன்று வருஷமாகக் கேட்காமலேயே இருந்தாள். அடுத்த பிள்ளையும் வரவில்லை.

சாயங்காலம் பார்லிச் சோறும், உருளைக்கிழங்கு போட்ட சோயா விழுதுக் குழம்பும், புளித்த முள்ளங்கிக் கிம்ச்சியும் வைத்தாள். மான்சிக் கவைக்கோல் பிடித்த கையால் கரண்டியைப் பிடிக்க முடியாமல் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். அவன் நாலு வாய் சாப்பிடும்வரை பொறுத்தாள்.

"ஏங்க. பக்தல்கோல்ல நடப்போறாங்களாம்."

"ம்."

"தெரியுமா ஒங்களுக்கு?"

"கவைக்கோல் புடிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்."

"அப்ப எங்கன்னு சொல்லுங்க."

அவன் குழம்பில் கிழங்கைத் தேடினான். "எது எங்க?"

"நான் என்ன கேக்குறேன்னு தெரியாதா?"

"தாய்க்காரி கேக்குற கேள்வி இல்ல அது."

"மூணு வருசம் கேக்கலியே. குழி தோண்டப் போறானுங்க, அதான் கேக்குறேன். நாளைக்கே போயி, கல்லோட மண்ணோட அள்ளி வேற எடத்துல வச்சிட்டு வந்துர்றேன். நீங்க வரவேண்டாம். எடத்த மட்டும் சொல்லுங்க."

"மறந்துபோச்சு."

"கம்பு எந்த வருசம் எந்தப் பாத்தியில எத்தன மூட்டை வெளஞ்சிச்சுன்னு சொல்ற ஆளு நீங்க. இது மறந்துபோச்சா?"

"மறந்துபோச்சுன்னா மறந்துபோச்சு! சோறு திங்கவிடு."

"மேஸ்திரிகிட்டயாவது சொல்லிக் கேப்போம். ஒரு கோடு தள்ளி நட்டா என்ன?"

மான்சிக் கரண்டியை வைத்தான். "சொல்லு. சர்க்கார் காட்டுல பொணம் பொதச்சோம்னு சொல்லு. காட்டுக்குத் தீ வச்ச பயலுங்கன்னு ஏற்கெனவே நல்ல பேரு. இதையும் சேத்துக்குவான்." பிறகு எழுந்து, பாதி தின்ற கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு, வெளியே விறகு பிளக்கப் போய்விட்டான். பிளக்க வேண்டிய விறகு அன்றைக்கு ஒன்றுமில்லை. பிளந்ததையே பிளந்துகொண்டிருந்தான்.

மறுநாள் மறுபடி கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

நாலாம் நாள் மேஸ்திரி லாரிக்காக டவுனுக்குப் போயிருந்தார். அன்றைக்கு அடித்தது மலையிறங்கும் வறட்டுக் காற்று. துவைத்துப் போட்ட துணி கை திரும்புவதற்குள் முறுகும் காற்று அது. சிவப்புத் துணிக் கட்டுகளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சுன்பொக் ஏற்கெனவே கேட்டு வாங்கியிருந்தாள், பழைய நிலத்து மேல் ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். காலையில் பள்ளத்திலிருந்து அவற்றை எடுத்தாள். வைக்கோல் போருக்குப் பின்னால், வெயில் விழும் பக்கமாக, வேரைக் காற்றுக்குக் காட்டி அடுக்கினாள். அவள் விரல் பட்டு உட்கார்ந்த கன்றுகள் அவை. இரண்டு பனிக்காலம் அவள் அழுத்தி அழுத்தி வைத்தவை. வேரில் ஒட்டியிருந்த ஈரமண் முதலில் வெளுத்தது, பிறகு பொடிந்து கொட்டியது. மயிரிழை வேர்கள் சுருண்டன. அவள் ஒரு கட்டிலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சாயங்காலம் திரும்பச் சேற்றில் முக்கிப் பள்ளத்தில் வைத்தபோது, மற்ற கட்டுகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தூங்குகிற குச்சியும் செத்த குச்சியும் பார்க்க ஒன்றுதான், மே மாதம் வரைக்கும்.

போங்சன்காரி மட்டும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒதுங்கப் போனவள், தரையில் உதிர்ந்து கிடந்த மண்ணையும் வேர்த் துணுக்குகளையும் பார்த்துவிட்டாள். நேராக வந்து சுன்பொக்கின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏண்டி. நீயா?"

சுன்பொக் அவள் கையை விடுவிக்கப் பார்த்தாள்.

"சொல்லுடி. ரெண்டு வருசம் கண்ணுல வச்சு வளத்ததக் காயப்போட்டுக் கொல்ற அளவுக்கு ஒனக்கு என்ன வந்துச்சு?"

"அங்க கொன்னிம் இருக்கா அக்கா."

போங்சன்காரி கையை விட்டாள். "அதுக்கு?"

"நட்டது பூரா செத்துட்டா இந்த மண்ணு ஆகாதுன்னு விட்டுருவாங்கல்ல."

எரிகாட்டு ஜனங்களின் புத்தி அது. விளையாத சரிவை அப்படியே போட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போய்விடுவார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சுன்பொக் பிறந்ததிலிருந்து கண்டது அதைத்தான். வேறு மாதிரி யாராவது செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அடிப் பாவி மவளே," என்றாள் போங்சன்காரி. குரல் இறங்கிவிட்டிருந்தது. "இவனுங்க விடுவானுங்களா? செத்த குச்சியப் புடுங்கி எறிஞ்சுட்டு, அதே எடத்துல இன்னும் ஆழமா தோண்டி இன்னொண்ணு நடுவான். அது செத்தா அடுத்த வருசமும் தோண்டுவான். ஒரு தடவ தோண்டுறத மூணு தடவ தோண்ட வச்சிட்டியேடி."

சுன்பொக் அப்படியே பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போங்சன்காரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வைக்கோல் போருக்குப் பின்னால் போய், கிடந்த வேர்த் துணுக்குகளைக் காலால் தள்ளி மண்ணோடு மண்ணாக மிதித்துவிட்டு வந்தாள். இதைப் பற்றி அவள் அப்புறம் யாரிடமும் பேசவில்லை.

ஏப்ரல் ஐந்தாம் தேதி நல்ல வெளிச்சமாக விடிந்தது. முதுகில் சுமக்கும் மரச் சட்டங்களில் சிவப்புத் துணிக் கட்டுகளை ஏற்றி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு, ஆட்கள் பக்தல்கோல் ஏறினார்கள். அதிகாரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பத்து மணிக்குத்தான் வருவார்கள். சுன்பொக் ஒரே ஒரு கட்டுச் சுமைதான் எடுத்திருந்தாள். மேல்சட்டைக்குள் வயிற்றோரம், ஈரப்பாசியில் சுற்றி, நீலத் துணிக் கட்டிலிருந்து உருவிய ஒரே ஒரு கன்று இருந்தது. அதன் வேர் உயிரோடு இருந்தது. அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

பழைய வீடு இருந்த மேட்டில் அடுப்புக் கல் மட்டும் மிச்சமிருந்தது. அங்கே மான்சிக் நின்றுவிட்டான். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று சட்டத்தின் கயிற்றைச் சரி செய்வது போல நின்றான்.

"வா," என்றான்.

சரிவின் குறுக்கே, இரண்டாகப் பிளந்த ஒரு பாறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பாறை இடுக்கில் போன வருஷத்து இலைச்சருகு கிடந்தது. முன்னால் நாலைந்து கற்கள் சிதறிக் கிடந்தன. அவ்வளவுதான்.

"இங்கதான்."

சுன்பொக் குனிந்து கற்களைப் பார்த்தாள். "கல்லு ஏன் இப்படிக் கெடக்கு?"

அவன் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான். "அன்னிக்குத் தர கல்லா ஒறஞ்சு கெடந்துச்சு. மண்வெட்டி எறங்கல. ஓங்கி ஓங்கிப் போட்டேன், மொன மடங்கிப்போச்சு. இந்த இடுக்குல வச்சுக் கல்ல அடுக்கிட்டு வந்துட்டேன். பனி உருகட்டும், வந்து ஆழமாத் தோண்டி வைப்போம்னு இருந்தேன்."

"வந்தீங்களா?"

"வந்தேன்."

"அப்புறம்?"

"கல்லு இப்படித்தான் கெடந்துச்சு. பாய் மட்டும் இருந்துச்சு. கிழிஞ்சு."

காற்று சருகைப் புரட்டியது. மேலே யாரோ இவர்களைக் கூப்பிட்டார்கள்.

"நரியா?" என்றாள்.

"தெரியல. காலடி தெரியாம உருகிப்போச்சு."

"பாய என்ன பண்ணீங்க?"

"எரிச்சிட்டேன்."

அவள் அழவில்லை. ரொம்ப நேரம் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் ஓடையில் துணி அலசும்போதெல்லாம் அவள் இந்தச் சரிவைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். அவள் அப்படிப் பார்ப்பதை அவன் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இங்க ஒண்ணும் இல்ல," என்றான் மான்சிக். "அதத்தான் ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு…"

"மண்வெட்டியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

பாறைக்கு முன்னால், கற்கள் கிடந்த இடத்தில், அவளே ஒரு குழி தோண்டினாள். சின்னக் குழிதான். சட்டைக்குள்ளிருந்த கன்றை எடுத்துப் பாசியைப் பிரித்து, வேரை நேராகத் தொங்கவிட்டு, மண்ணைப் பொடித்துப் போட்டு, குதிகாலால் மிதித்தாள். மான்சிக் அதைத் தடுக்கவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை. பிறகு இருவரும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டு, நாள் முழுக்க, அவள் கொன்ற கன்றுகளை ஆறடிக்கு ஒன்றாக நட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அதிகாரி ஒருவர் கையில் வெள்ளையுறை மாட்டி ஒரு செத்த குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மே கடைசி வாரத்தில் பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கை பார்க்க வந்தார்கள். பக்கத்து ஜில்லா அதிகாரிதான் வருவார்; சொந்த ஜில்லாக்காரனாக இருந்தால் தன் தவறை மறைப்பான் என்று அப்படி ஒரு ஏற்பாடு. நட்டவர்கள் அத்தனை பேரும் சரிவின் அடியில் குறுக்கே வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் முன்னால் உள்ள கன்றைத் தொட்டு, உயிரோடு இருந்தால் "இருக்கு" என்றும், செத்திருந்தால் "இல்ல" என்றும் உரக்கச் சொல்லிவிட்டு, ஒரு எட்டு மேலே ஏறி அடுத்த கன்றைத் தொட வேண்டும். குமாஸ்தா கோடு போட்டுக்கொண்டே வருவார்.

கோயில் மேட்டில் காலையிலேயே முடித்துவிட்டார்கள். அங்கே "இருக்கு, இருக்கு" என்று பள்ளத்தாக்கே அதிர்ந்தது. ஹோங் மேஸ்திரி மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். பக்தல்கோலில் முதல் வரிசை தொட்டார்கள்.

"இல்ல."

"இல்ல."

"இல்ல."

ஒரு எட்டு ஏறினார்கள். மறுபடி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, இல்ல, இல்ல, இல்ல. மேஸ்திரியின் முகம் வெளுத்தது. ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தார், உள்ளே பழுப்பாக இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. போங்சன்காரி தரையைப் பார்த்தே ஏறினாள்.

பிளந்த பாறைக்கு நேராக வந்துவிடும்படி சுன்பொக் முன்கூட்டியே இடம் பார்த்து நின்றிருந்தாள். அந்த வரிசைக்கு வந்ததும் குனிந்து தொட்டாள். விரல் நீளத்துக்குப் புதுத்தளிர் விட்டிருந்தது. இளம்பச்சை ஊசிகள், தொட்டால் பஞ்சு போல.

"இல்ல," என்றாள்.

அடுத்து நின்ற ஆள் எட்டிப் பார்த்தான். "ஏ மேட்டுக்காரி, கண்ணு அவிஞ்சு போச்சா? பச்சப் பசேல்னு இருக்கே! ஐயா, இங்க ஒண்ணு இருக்கு!"

அதிகாரி கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். கன்றைப் பார்த்தார், சுற்றியிருந்த செத்த குச்சிகளைப் பார்த்தார். "சரிவு பூரா செத்திருக்கு. இது ஒண்ணு மட்டும் எப்படி?"

"மண்ணு வாகா இருக்கும் ஐயா, பாறை ஈரம்…" என்று மேஸ்திரி இழுத்தார்.

"மண்ணு இல்லய்யா. வேருலதான் ஏதோ நடந்திருக்கு. செத்ததுல ஒண்ணையும் இதையும் புடுங்கி ஆபீசுக்குக் கொண்டுபோனாத் தெரிஞ்சிரும்." குனிந்து, பச்சைக் கன்றின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்தார்.

"ஐயா, அதப் புடுங்காதீங்க."

அதிகாரி நிமிராமல் தலையை மட்டும் திருப்பினார்.

"மத்ததக் காயப்போட்டுக் கொன்னது நான்தான்," என்றாள் சுன்பொக். "வைக்கோல் போருக்குப் பின்னால, காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும். யாருக்கும் தெரியாது. நான் ஒருத்திதான்."

"என்ன உளர்ற?" என்று கத்தினார் மேஸ்திரி. "வாய மூடு! ஐயா, இவளுக்கு மூள சரியில்ல…"

"நீங்க லாரி பாக்கப் போன அன்னிக்கு, மேஸ்திரி அண்ணே. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. இது மட்டும் வேற கட்டு, நீலத் துணி. அதான் பொழச்சிச்சு. இத விட்டுருங்க."

"ஏன் செஞ்சே?" என்றார் அதிகாரி. விரல் இன்னும் தண்டை விடவில்லை.

சுன்பொக்கின் பார்வை தண்டைப் பிடித்திருந்த அந்த விரல்களிலேயே இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் ஒரு தாய் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. சொன்னாலும் எதைச் சொல்வது? ஒரு பாயைக்கூட எரித்தாகிவிட்டது.

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து மான்சிக் நடந்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. பாறைக்கு முன்னால் வந்து, அதிகாரியின் கைக்கும் கன்றுக்கும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"எங்க பொண்ணு இங்க இருக்கா ஐயா," என்றான்.

அந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் தகப்பனும் அப்படி வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வரிசையில் நின்ற ஆண்கள் தலை குனிந்துகொண்டார்கள். அவர்களில் பலருக்கும் அப்படி ஒரு கல் எங்கேயோ இருந்தது.

"இந்தக் கல்லுக்கு அடியில. நான்தான் வச்சேன். நாலு வயசு."

சுன்பொக் அவனைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி விரல்களை எடுத்தார். கையில் ஒட்டிய மண்ணைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பேர எழுதிக்க," என்றார் குமாஸ்தாவிடம். "இன்னையோட இந்தம்மாவுக்குப் பண்ணையில வேல இல்ல. இந்தச் சரிவ அடுத்த வருசம் இவங்க ரெண்டு பேருமே தோண்டி நடணும். மொத்தமும்." பிறகு கோலால் மேலே காட்டினார். "என்ன நிக்கிறீங்க? வரிசையப் புடிங்க. இன்னும் பாதி மல கெடக்கு."

ஆட்கள் ஒரு எட்டு ஏறினார்கள். குரல்கள் அந்த முனையிலிருந்து மறுபடி தொடங்கின. மான்சிக் முழங்காலில் கையூன்றி எழுந்து, தன் இடத்துக்கு நடந்து போனான். தன் முன்னால் நின்ற காய்ந்த குச்சியைக் குனிந்து தொட்டான். முறை வந்ததும், மற்றவர்களைப் போலவே, குமாஸ்தாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

"இல்ல."